பின் தெரு அம்மாவின் பச்சைக் குடம்

என் முதல் கதைகள் எல்லாம் கவிழ்த்துப் போட்ட குடத்தின் மேல் உட்கார்ந்து எழுதியவை. மேசை என் முழங்கால். இப்போது என் பேத்தி நாற்காலி, மின்விசிறி, வழவழப்பான நோட்டு எல்லாம் கொடுத்து "எழுது ஆயா" என்கிறாள். உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. குடத்தின் மேல் தூங்க முடியாது. உருண்டுவிடும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் அண்ணனூரில் இருந்தோம். ரயில் வண்டிகளைக் கழுவி நிறுத்துகிற ஷெட்டுக்குப் பின்னால், ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடு. அதில் ஒன்று எங்களுடையது. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் டர்னர். நான் பட்டரவாக்கத்தில் இறங்கிப் போகிற தூரத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் ரப்பர் பிதுங்கிக்கொண்டு நிற்கும். அதை பிளேடால் சீவ வேண்டும். பிசிறு எடுக்கிற வேலை என்று பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய உத்தியோகம். எழுத வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் இதே வேலைதான் என்று.

பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் போக வேண்டும் என்றார்கள். அங்கேயும் கணக்கு வாத்தியார் இருப்பார் அல்லவா, நின்றுவிட்டேன்.

ஆனால் படிக்கிற ஆசை மட்டும் நிற்கவில்லை. மளிகைக் கடையில் மிளகாய் கட்டித் தருகிற காகிதம் பழைய வாரப் பத்திரிகையாக இருக்கும். பொட்டலத்தைப் பிரித்ததும் மிளகாயைத் தரையில் கொட்டிவிட்டுக் காகிதத்தைப் படிப்பேன். கதை சரியான இடத்தில் கிழிந்திருக்கும். 'அவள் கதவைத் திறந்தாள். அங்கே' என்பதோடு முடிந்துபோகும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் நான் எப்படிச் சாம்பார் வைப்பது? நானே ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அடுத்த நாள் தண்ணீர் வரிசையில் அந்த ஆளைப் பற்றி எல்லோருக்கும் சொல்வேன். கைதட்டாத குறைதான்.

இதைக் கேட்டுக் கேட்டு ஒருத்திக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அவள் புருஷனுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும் கிடைக்கும் என்று எங்கள் காம்பவுண்டிலேயே வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். மகன்கள் இரண்டு பேரும் ஊரில் தாத்தா வீட்டில் தங்கிப் படித்தார்கள்.

"ஏட்டி, வாயாலயே சொல்லிக்கிட்டு இருந்தா காத்தோட போயிரும். எழுதிப் பத்திரிகைக்குப் போடு" என்றாள்.

"நேரம் எங்கக்கா கீது? வேலைக்குப் போவணும், ஆக்கணும், தொவைக்கணும், ரெண்டு புள்ளைங்களையும் பாத்துக்கணும்."

"வரிசையில உக்காந்து கொசுதான அடிக்க. அந்த நேரத்துல எழுது. புள்ளையள நான் பாத்துக்கிடுதேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, ஆறிலிருந்து இரண்டு. மறு வாரம் ஜெனரல் ஷிப்டு, வீடு வந்து சேர மாலை ஆறரை ஆகும். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் நாலு மணிக்கு வரும் என்பார்கள். ஐந்துக்கும் வரும். காலை ஷிப்டு வாரத்தில் நான் மூன்று மணிக்கெல்லாம் வரிசையில் குடத்தைப் போட்டு, இன்னொரு குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுவேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் அக்கா வீட்டில் இருப்பார்கள். எங்கள் வீட்டுச் சாவியும் அங்கேதான் இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, என் வீட்டுக்காரரும் ஒத்துழைத்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"இன்னாமே, இன்னிக்கு கொயம்பா, கதையா?"

கதை என்றால் உப்புமா என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும். என் கையில் பேனா மையைப் பார்த்ததும் சின்னவன் முகம் ரவை நிறத்துக்கு மாறிவிடும்.

மூன்று கதைகள் அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, காம்பவுண்டுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார்.

"யம்மோவ், உன் கதை ஊட்டுக்கு வந்துட்ச்சி."

ஏதோ வெளியூர் போன பெண் தாய் வீட்டுக்கு வந்த மாதிரி. எனக்கு வெட்கமாக இருக்கும். அக்காதான், "வரட்டும்ட்டி, பாதை பழகுதுல்லா" என்பாள்.

இங்கே எங்கள் தண்ணீர் வரிசையின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு முறைக்கு ஒரு குடம். அடுத்த குடம் வேண்டுமானால் மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் அதற்குள் லாரி காலியாகிவிடும். ஊருக்குப் போனவள், வேலைக்குப் போனவள் குடமெல்லாம் செல்லாது. ஆள் நேரில் நிற்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் அடுத்தவர் பிடித்துக் கொடுக்கலாம்.

அந்த வரிசையில் யாருக்கும் யார் பெயரும் தெரியாது. குடம்தான் பெயர். தொண்டை பெரிய ஒருத்தி சிவப்புக் குடம். கல்யாணச் சீரோடு வந்த புதுப்பெண் எவர்சில்வர் குடம். என்னுடையது அடுப்பின் பக்கத்தில் வைத்து வாய் உருகிப்போன ஊதாக் குடம். வாய் கோணலாக இருக்கும். "சொந்தக்காரிக்கேத்த குடம்" என்பார்கள். அக்காவுடையது மஞ்சள்.

மஞ்சளுக்கு நாலைந்து குடம் தள்ளி எப்போதும் ஒரு பச்சைக் குடம் நிற்கும். கழுத்தில் சிவப்பு ரிப்பன். அது பின் தெருவில் கால் முடியாத ஓர் அம்மாவுடையது என்றும், பாவம் அதற்கு யாருமில்லை என்றும், தான் பிடித்துக் கொடுப்பதாகவும் அக்கா சொல்லியிருந்தாள். மூன்று வருடமாக வரிசையே அந்த அம்மாவுக்கு இரங்கியது. சிவப்புக் குடம்கூட, "யாரும் அத்தத் தொடாதீங்கமே, நடக்க முடியாதது" என்று காவல் காக்கும்.

ஒருநாள் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் பின் தெருவுக்குப் போனேன். போனதுதான் போனோம், அந்த அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று நாலு வீட்டில் விசாரித்தேன். அப்படி யாரும் அந்தத் தெருவில் இல்லை. கால் முடியாதது என்று அங்கே இருந்தது ஒரு நாய் மட்டும்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. இல்லாத ஒரு பெண்பிள்ளையை உண்டாக்கி, அவளுக்குக் கால் வலியும் கொடுத்து, மூன்று வருடமாக ஒரு குடம் தண்ணீர் அதிகமாகப் பிடித்திருக்கிறாளே. அக்காவிடம் போய் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கதை போய்விடுமே என்றுதான் கேட்கவில்லை. அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன்.

அந்தக் கதையை மட்டும் வரிசையில் வைத்து எழுதவில்லை. கம்பெனியில் டீ நேரத்தில், ரப்பர் கரி படிந்த விரலோடு எழுதினேன். பெயர்களை மாற்றினேன். ஊரைச் செங்கல்பட்டுக்கு மாற்றினேன். புருஷனைத் தபால்காரனாக்கினேன். தெருவே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்கும்போது, அவள் அந்தக் கூடுதல் குடத்தை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தலைக்குக் குளிப்பதாக எழுதினேன். கடைசியில் எல்லோர் முன்னாலும் மாட்டிக்கொள்கிறாள். எழுதும்போதே எனக்கு அவ்வளவு சிரிப்பு.

அது திரும்பி வரவில்லை. பத்திரிகையாக வந்தது, படத்தோடு.

காலை ஷிப்டு வாரம் அது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு ஓடினேன். நானே படித்தால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்று எவர்சில்வர் குடத்திடம் கொடுத்தேன். அவள் பிளஸ் டூ வரை படித்தவள். நன்றாக நிறுத்தி நிறுத்திப் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அக்காதான். என் தோளில் ஓர் அடி வேறு.

"அவள் வரிசையில் வைத்திருந்த இரண்டாவது குடம் பச்சை நிறம். அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன்" என்று படித்தாள் எவர்சில்வர் குடம்.

படித்துவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள். யாரும் அக்காவைப் பார்க்கவில்லை. குடத்தைத்தான் பார்த்தார்கள். அது பாட்டுக்கு ரிப்பனோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஊரையும் பேரையும் மாற்றிய எனக்குக் குடத்தை மாற்றத் தோன்றவில்லை. பெயரைவிடக் குடத்தைத்தான் இவர்களுக்குத் தெரியும் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியாதா?

"அப்போ பின் தெரு அம்மா?" என்றாள் சிவப்புக் குடம். அவள் குரல் அவ்வளவு சின்னதாக வந்து நான் கேட்டதே இல்லை.

அக்கா அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. மஞ்சளை ஒரு கையிலும் பச்சையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு லாரி வந்தது. அவள் வரவில்லை.

மாலையில் பார்த்தால், எங்கள் வீட்டுச் சாவி என் ஜன்னல் கட்டையில் இருந்தது.

என் வீடு, வேலை, எழுத்து மூன்றும் எதன் மேல் நின்றுகொண்டிருந்தன என்று அந்தச் சாவியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மறு வாரம் ஜெனரல் ஷிப்டு. பிள்ளைகளை விட இடமில்லை. இரண்டு நாள் லீவு போட்டேன். மூன்றாம் நாள் போனால் சூப்பர்வைசர் என் லீவு லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கதை எய்துறியாமே. இதையும் அதே மாரி ஜோடிச்சிக்கீறே. வயித்து வலின்னு மேல போட்டுக்கீறே, கீய தலைவலின்னு கீது. எந்த வலின்னு ஒண்ணு முடிவு பண்ணுமே."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் அரைநாள் லீவு எடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். நான் ஆறரைக்கு வீடு வந்து, முகம் கழுவலாம் என்று பின்கட்டு டிரம்மைத் திறந்தேன். அடியில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை. லாரி வந்த நாள் அது.

"இன்னாயா, இன்னிக்கு டிரம்ம ரொப்பலியா?" என்றேன்.

"நானா? நான் எப்போ ரொப்பினேன்?"

"நான் ஜெனரல் ஷிப்டு போற வாரமெல்லாம் நீதான ரொப்புறே."

"இன்னாமே சொல்றே? நீ காலையில பம்புல அட்சி ரொப்பிட்டுப் போறேன்னு நான் நெனச்சிக்கினு கீறேன்."

மூன்று வருடமாக அவர்தான் தண்ணீர் சுமக்கிறார் என்று நினைத்து, ஜெனரல் ஷிப்டு வாரமெல்லாம் அவருக்கு நான் இரண்டு மடங்கு சர்க்கரை போட்டுக் காபி கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டாரா, மனுஷன்? குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அப்படியானால் டிரம்மை ரொப்பியது யார் என்று என் மகள்தான் சொன்னாள். ஏழு வயது அவளுக்கு.

"பக்கத்து ஊட்டு பெரிம்மாதான் பச்சக் கொடத்துல கொண்டாந்து ஊத்துவாங்க. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

நான் டிரம்மின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்குப் போனவள் குடம் செல்லாது என்பதால் ஒரு கால் முடியாதவளை உண்டாக்கியிருக்கிறாள் அக்கா. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று நான் வரிசையில் நிற்கிற வாரத்திலும் அந்தக் குடத்தை வைத்திருக்கிறாள். அந்தக் கால் முடியாதவள் நான்தான்.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். எத்தனையோ யோசித்துவைத்திருந்தேன். "டிரம்மு காலியா கீதுக்கா" என்று மட்டும் வந்தது.

"அடுப்புல சோறு இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இனிமேல் எழுதப் போவதில்லை என்று. அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"ஒண்ணு தப்பா எய்துனதுக்கு இன்னாத்துக்கு எய்துறதயே உடணும்?" என்றார். "தப்பா சீவிட்டா வேலைய உட்ருவியா? அட்த்த வாசரு எடுக்க மாட்டே?"

லேத்தில் பீஸ் வீணாகாத நாளே இல்லாத மனுஷன். அனுபவத்தில் சொன்னார்.

அடுத்த லாரி நாளில் சூப்பர்வைசரிடம் வலி எதையும் சொல்லாமல், தண்ணீர் பிடிக்கணும் என்றே சொல்லி மூன்று மணிக்குக் கிளம்பிவிட்டேன். உண்மையைச் சொன்னதும் அவர் உடனே விட்டுவிட்டார். அவர் வீட்டிலும் லாரித் தண்ணீர்தானாம். வரிசையில் என் ஊதாக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கவில்லை.

"அந்தப் பச்சக் கொடம் என்னுது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் ஜெனரல் ஷிப்டு போகிற வாரமெல்லாம் எனக்குத்தான் அக்கா தண்ணீர் பிடித்தாள் என்றும், அது எனக்கே தெரியாது என்றும், தலைக்குக் குளித்தது நானும் என் பிள்ளைகளும்தான் என்றும் சொன்னேன். கேட்காமல் எழுதினேன் என்றும் சொன்னேன்.

"அய்ய," என்றாள் சிவப்புக் குடம். "மூணு வர்சமா இல்லாத பொம்பளைக்குக் காவல் காத்துக்கினு கீறேன் நானு. ஆடி மாசம் அந்தம்மாவுக்குன்னு கூய் ஒரு தூக்குல குட்த்து உட்டேனே. அத்த யாரு குட்ச்சது?"

"நாங்கதான் குடிச்சிருப்போம்" என்றேன். "நல்லா இருந்திச்சி."

எவர்சில்வர் குடம்தான் முதலில் சிரித்தது. பிறகு ஒவ்வொரு குடமாக. சிவப்புக் குடம் சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிப் பார்த்து, முடியாமல் போனாள்.

"இத்த மொதல்லயே கேட்டிருந்தா நாங்க இன்னா மாட்டேன்னா சொல்லப் போறோம்?" என்றாள்.

"சொல்லிருப்பே யக்கா," என்றாள் எவர்சில்வர் குடம். "என் நாத்தனாரு வேலைக்குப் போறா, அவ கொடத்த நீதான் தூக்கிக் கெடாசினே."

சிவப்புக் குடம் தன் குடத்தைக் காலால் ஒரு முறை நகர்த்தி வைத்தாள். பிறகு அவளே தீர்ப்புச் சொன்னாள். ஷிப்டுக்குப் போகிறவள் குடத்தைப் பக்கத்து வீட்டுக்காரி பிடிக்கலாம். ஆனால் இன்னார் குடம் என்று சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும். கால் வலி, கை வலி எல்லாம் வேண்டாம். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நேராக எங்கள் காம்பவுண்டுக்குள் போய், அக்காவின் பின்கட்டிலிருந்து பச்சைக் குடத்தைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தாள். பின்னாலேயே அக்கா வந்தாள், மஞ்சளோடு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். லாரி வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு கொடம் வச்சேன்னு எழுதுனதுக்குக் கோவம் இல்லட்டி. மாட்டிக்கிட்டேன்னு எழுதுனியே, அதுக்குத்தான். நான் எங்க மாட்டுனேன்? என் கதைய மூணு வருசமா ஒருத்தியும் கண்டுபிடிக்கல. ஒன் கதைய ஒரு பத்தி படிக்கதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டாளுவ."

உண்மைதானே.

"ஏங்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா மறுநாளே வரிசையில சொல்லிச் சிரிச்சிருப்ப. ஒன் வாயி எனக்குத் தெரியாதா? அதுவும் போவ, வேலவிட்டு வந்து தண்ணியும் சொமந்தா அப்புறம் எங்க எழுத? பாதிக் கதைய சொல்லிட்டு மீதிய யோசிக்கணும்ப. எனக்கு அன்னைக்கு ஒறக்கம் வராது."

அன்று மாலை ஜன்னல் கட்டையில் இருந்த சாவியை அவளே வந்து எடுத்துக்கொண்டு போனாள். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அவள் சாவி, அவள் எடுத்தாள்.

வரிசைக்கு ஷிப்டுக் குடங்கள் வர ஆரம்பித்தன. எவர்சில்வர் குடத்தின் நாத்தனாருடையது ஒன்று, எதிர் வீட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குப் போகிற பெண்ணுடையது ஒன்று. அவற்றுக்கும் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். என் மகளின் பழைய ரிப்பன்கள்தான். அந்தப் பின் தெரு அம்மாவை மட்டும் யாரும் மறக்கவில்லை. வெகுநாள் கழித்தும் சிவப்புக் குடம், "அந்தம்மாவுக்குக் கால் தேவலையா?" என்று அக்காவைக் கேட்கும். அக்காவும் முகம் மாறாமல், "நேத்து மாடி ஏறுச்சு" என்பாள்.

தொண்ணூறுகளில் குழாய் வந்தது, அக்காவுக்குக் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. ஆவடிக்குப் போய்விட்டாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதியதை எடுத்துக்கொண்டு ரயிலேறி அங்கே போவேன். அச்சுக்கு அனுப்பும் முன் அவளுக்குப் படித்துக் காட்டுவது என்று ஒப்பந்தம். பச்சைக் குடம் விவகாரத்துக்குப் பிறகு அவள் போட்ட ஒரே நிபந்தனை அது.

முதல் தடவை அப்படிப் படித்தது அண்ணனூர் வீட்டில், அவள் அடுப்படியில்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கதையில் ஒருத்தி வருவாள். வாயாடி. எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஊரெல்லாம் சிரிக்கவைப்பாள். கடைசியில் அவளே அசடு வழிவாள். பாதியில் அக்கா முறத்தை நிறுத்தினாள்.

"நில்லு. யாருட்டி இந்தப் பொம்பள?"

"நான்தான்க்கா."

அக்கா அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். முறத்தை மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

"அப்பம் சரி. இன்னும் கொஞ்சம் மோசமா எழுது."